மெம்ஃபிஸ் பீபாடி ஹோட்டல்: ஒரு பஞ்சுக்காரனின் மதிப்பீடு

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஓட்டல் என்றால் புரோட்டாவும் சாயாவும் கிடைக்கும் இடம். இரவு தங்குவதற்கு இருப்பது லாட்ஜ். ஆகவே, அமெரிக்காவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய என்னிடம் அங்கே பார்த்ததில் எது நன்றாக இருந்தது என்று கேட்டவர்களுக்கு, “ஒரு ஓட்டல்” என்று நான் சொன்ன பதில் சரியாகப் போய்ச் சேரவில்லை. அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். சாப்பிட்டது காப்பிதான், பார்த்தது ஐந்து வாத்துகளை என்றேன். அதன்பிறகு யாரும் பேச்சை வளர்க்கவில்லை. நம் சித்தூர் வட்டத்திலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் மெம்ஃபிஸ் நகரத்துக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருப்பதுதான் காரணம். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்பதால், அந்த ஓட்டலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதை எழுதும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தினமும் தாண்டிப் போய், கோயம்புத்தூர் மில் ஒன்றில் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பஞ்சு செலக்டராக வேலை பார்த்தவன் நான். பொதியிலிருந்து ஒரு பிடி பஞ்சைக் கிள்ளி, இரண்டு கைப் பெருவிரல்களுக்கும் நடுவே இழுத்து, மறுபடி அடுக்கி, மறுபடி இழுத்து, இழையின் நீளத்தைக் கண்ணாலேயே சொல்வதுதான் என் தொழில். சர்வதேச விலைப் பட்டியல்களில் ‘மெம்ஃபிஸ்’ என்ற பெயர் வரும். அது ஊரின் பெயர் என்பதையே மறந்து, ஒரு சரக்கின் பெயர் என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மகனுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தபோது அவன் அம்மா வரைபடத்தைத் தேடினாள்; எனக்கு மட்டும் பஞ்சின் வாசனை வந்தது.

பீபாடி ஹோட்டல் மெம்ஃபிஸ் நகரத்தின் நடுமையத்தில், யூனியன் அவென்யூவில் இருக்கிறது. மிசிசிப்பி ஆறு நடந்து போகும் தூரம். ப்ளூஸ் இசைக்குப் பெயர் பெற்ற பீல் தெரு இரண்டு தெரு தள்ளி. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய கட்டடம், அவ்வளவுதான். மொட்டைமாடியின் மேல் சிவப்பு எழுத்தில் பெயர்ப் பலகை. உள்ளே நுழைந்த பிறகுதான் விஷயம் புரிகிறது. இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கூடம். மேலே மரவிட்டங்களில் செதுக்கலும் வண்ணப் பூச்சும். சுற்றிலும், நம் பக்கத்துத் தறவாட்டு வீடுகளில் நடுமுற்றத்தை மாடியிலிருந்து எட்டிப் பார்ப்போமே, அதைப்போல ஓர் உப்பரிகை. கூடத்தின் நடுவே, ஒரே கல்லில் குடைந்தெடுத்த இத்தாலிய டிராவர்டைன் பளிங்கு நீரூற்று. அதன் உச்சியில் ஆள் உயரத்துக்குப் பூக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் கீழே, அத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவில், ஐந்து வாத்துகள் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன.

வாத்துகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எல்லோரும் அவற்றையே பார்த்துவிட்டுப் போய்விடுவதால், அந்தக் கூடம் யாருக்காகக் கட்டப்பட்டது என்ற கதை பின்னுக்குப் போய்விடுகிறது என்பது என் குறை.

இப்போது இருப்பது இரண்டாவது பீபாடி. முதல் பீபாடி 1869-இல், மெயின் தெருவும் மன்ரோ தெருவும் சந்திக்கும் முனையில் திறக்கப்பட்டது. கட்டியவர் ராபர்ட் பிரிங்க்லி என்ற செல்வந்தர். தம் பெயரை வைக்காமல், நண்பரான ஜார்ஜ் பீபாடி என்ற வங்கியாளரின் பெயரை அவர் வைத்தார். பீபாடி லண்டனில் ஏழைத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டப் பெரும்பணம் கொடுத்த மனிதர். அதே 1869-இல்தான் இறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து நான்கு வருடமே ஆகியிருந்த காலம் அது. அதில் தோற்ற தெற்கு மாநிலங்களின் தலைவரான ஜெஃபர்சன் டேவிஸ், மெம்ஃபிஸில் ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர் பொறுப்புக்கு வந்தபோது தங்கியது இந்த ஹோட்டலில்தான். ஒரு நாட்டின் தலைவர் என்று சொல்லிக்கொண்டவர் இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒன்றை நடத்த வந்து ஹோட்டல் அறையில் குடியிருந்தார் என்பதை வாசிக்கும்போது, காலம் மனிதர்களை எங்கெங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று தோன்றியது. 1878-இல் மஞ்சள் காய்ச்சல் வந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்து, ஊரே காலியாகி, மறுவருடம் மெம்ஃபிஸ் தன் நகராட்சி அந்தஸ்தையே இழந்தது. அந்த அழிவையும் தாண்டி முதல் பீபாடி 1923 வரை நடந்தது.

இரண்டாவது கட்டடம் 1925 செப்டம்பரில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் வால்டர் ஆல்ஷ்லாகர் என்ற சிகாகோ கட்டடக் கலைஞர். பாணி இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தைப் பின்பற்றியது. செலவு ஐம்பது லட்சம் டாலர். அறைகள் அறுநூறுக்கும் மேல். 1925-இல் ஒரு நடுத்தர நகரத்தில் இவ்வளவு பெரிய ஹோட்டலை நிரப்ப யார் வருவார்கள் என்று யோசித்தால் விடை பஞ்சில் இருக்கிறது. மெம்ஃபிஸுக்குத் தெற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் விரிந்து கிடக்கும் டெல்டா நிலம் முழுக்கப் பருத்தி. அறுவடை முடிந்ததும் தோட்ட முதலாளிகள் பஞ்சைக் கொண்டுவந்து விற்பதும், அடுத்த பருவத்துக்குக் கடன் வாங்குவதும், மகளுக்குக் கல்யாணப் புடவை எடுப்பதும் (அவர்கள் கவுன் எடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்) மெம்ஃபிஸில்தான். பணம் கையில் புரளும் அந்த இரண்டு மூன்று மாதத்தில் தங்குவது பீபாடியில். மிசிசிப்பி டெல்டா என்பது பீபாடி ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் தொடங்கி விக்ஸ்பர்க் ஊரின் கேட்ஃபிஷ் ரோ தெருவில் முடிகிறது என்று டேவிட் கோன் என்ற எழுத்தாளர் 1935-இல் எழுதியது இன்றுவரை அந்த ஊர்க்காரர்கள் வாயில் இருக்கிறது. கூடத்தில் நின்று யோசித்தால் அது அலங்காரப் பேச்சு அல்ல என்பது தெரியும். திருப்பூர் முதலாளிகள் நிறைந்த கோயம்புத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் நின்றுகொண்டு, ‘பனியன் இங்கேதான் தொடங்குகிறது’ என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோமா?

ஹோட்டலிலிருந்து யூனியன் அவென்யூவிலேயே ஆற்றை நோக்கி நடந்தால் ஃப்ரண்ட் தெரு வருகிறது. பஞ்சு வியாபாரிகளின் அலுவலகங்கள் வரிசையாக இருந்ததால் அதற்குக் காட்டன் ரோ என்றே பெயர். அந்த முனையில் இருக்கும் பழைய காட்டன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் வர்த்தகக் கூடம் இப்போது பஞ்சு அருங்காட்சியகம். விலைகளைச் சாக்பீஸால் எழுதிய நீண்ட கரும்பலகை அப்படியே இருக்கிறது. பழைய கட்டடங்களில் மாதிரி பார்க்கும் அறைகளின் கூரையில் வடக்குப் பார்த்துக் கண்ணாடி பதித்திருப்பார்கள். நேர் வெயில் விழுந்தால் பஞ்சின் நிறம் ஏமாற்றிவிடும் என்பதால் வடக்கு வெளிச்சத்தில்தான் தரம் பிரிக்க வேண்டும். என் மில்லிலும் மாதிரி மேசை வடக்கு ஜன்னலோரம்தான் கிடந்தது. அவர்கள் பொதி 480 பவுண்டு, ஏறத்தாழ 218 கிலோ. நம்முடையது 170 கிலோ. அங்கே ஒரு மாதிரிப் பஞ்சைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். கிள்ளி இழுத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மகன் சங்கடத்துடன் சுற்றும் முற்றும் பார்த்தான். எனக்கு அந்தப் பயணத்தில் மிகப் பிடித்த நிமிடம் அதுதான்.

இனி வாத்துகள்.

1933-இல் பீபாடியின் பொது மேலாளர் ஃப்ராங்க் ஷட்டும் அவருடைய நண்பர் சிப் பார்விக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆர்கன்சா மாநிலத்தில் வாத்து வேட்டைக்குப் போய்விட்டு, டென்னசி விஸ்கியின் உற்சாகத்தோடு திரும்பினார்கள். அந்தக் காலத்தில் வேட்டைக்காரர்கள் வளர்ப்பு வாத்துகளை நீரில் கட்டி விட்டு, அவற்றின் குரலைக் கேட்டு இறங்கும் காட்டு வாத்துகளைச் சுடுவார்கள். உயிருள்ள வாத்துகளை இப்படிப் பொறியாக வைப்பதை அமெரிக்க அரசு 1935-இல் தடை செய்தது. தம்மிடமிருந்த பொறி வாத்துகள் மூன்றைக் கூடத்து நீரூற்றில் விட்டால் வேடிக்கையாக இருக்கும் என்று இருவருக்கும் தோன்றியிருக்கிறது. காலையில் போதை தெளிந்து வந்து பார்த்தால், விருந்தினர்கள் நீரூற்றைச் சுற்றிக் கூடி ரசித்துக்கொண்டிருந்தார்கள். அன்று தொடங்கியது, நடுவில் ஹோட்டல் மூடிக் கிடந்த வருடங்கள் போக, இன்றும் நடக்கிறது.

ஆர்கன்சாவில் வாத்து ஏன் அவ்வளவு என்று நம் பாலக்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே நெல் வயல். அமெரிக்காவிலேயே அதிகம் நெல் விளையும் மாநிலம் அதுதான். அறுப்பு முடிந்து தண்ணீர் தேங்கிய வயல்களில் சிந்திய மணிகளைத் தின்னக் காட்டு வாத்துகள் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து இறங்குகின்றன. நம் பக்கத்தில் அறுப்பு முடிந்த வயலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வாத்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தாராக்களை ஓட்டிக்கொண்டு வருவார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் தின்று வயலைச் சுத்தம் செய்யும். இரவில் வலை கட்டி அடைப்பார்கள். விடியற்காலையில் முட்டை பொறுக்குவார்கள். ஒரே மணியைத் தின்னும் ஒரே பறவை, ஓரிடத்தில் கையில் கம்போடு வரப்பில் நடப்பவரின் பின்னால் போகிறது, இன்னோரிடத்தில் சிவப்புக் கம்பளத்தில் நடக்கிறது.

அந்தக் கம்பள நடையை இரண்டு முறை பார்த்தேன். காலை பதினொன்றுக்கு ஒருமுறை, மாலை ஐந்துக்கு ஒருமுறை. பதினொன்றுக்கு அரைமணி முன்பே கூடம் நிரம்பிவிடுகிறது. லிஃப்டிலிருந்து நீரூற்று வரை கம்பளத்தை உருட்டி விரிக்கிறார்கள். குழந்தைகளைக் கம்பளத்தின் விளிம்பில் உட்கார வைக்கிறார்கள். பொன்சரிகை வைத்த சிவப்புக் கோட்டும் பித்தளைப் பூண் போட்ட கைத்தடியுமாக வரும் ‘டக்மாஸ்டர்’, வாத்துகளின் வரலாற்றைக் கோவில் தலபுராணம் சொல்பவரைப்போல ஏற்ற இறக்கத்துடன் சொல்கிறார். பிறகு மொட்டைமாடிக்குப் போய்ப் பறவைகளை லிஃப்டில் அழைத்து வருகிறார். கதவு திறக்கிறது. ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும் ஒரு கணம் தயங்கி நிற்கின்றன. பிறகு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, அகலமான பாதங்கள் கம்பளத்தில் சத்தமே இல்லாமல் பட, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகின்றன. சிறிய படிக்கட்டில் ஏறி நீரூற்றின் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதிக்கின்றன. மொத்தமும் ஒரு நிமிடத்துக்குக் குறைவு. “நம்மூரு வயல்ல ஆயிரம் தாரா போகுது, ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல, இங்க அஞ்சுக்கு இத்தன சனமா!” என்று என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு, கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்தவளும் அவள்தான்.

அப்போது ஒலிக்கும் இசையைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். அது ஜான் ஃபிலிப் சூசா 1895-இல், அட்லாண்டாவில் நடந்த பருத்தி மாநிலங்களின் கண்காட்சிக்காக அமைத்த அணிவகுப்பு இசை. பெயர் ‘கிங் காட்டன்’, பஞ்சு ராஜா. வாத்துகள் நடப்பது பஞ்சின் தாளத்துக்கு என்பதைக் கூட்டத்தில் எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கட்டடம் எழுந்த பணம் எது என்பதை அந்த ஹோட்டல் நாள்தோறும் இருமுறை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பஞ்சை யார் பறித்தார்கள் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது. முதல் பீபாடி திறப்பதற்கு நான்கு வருடம் முன்புவரை அடிமைகள். அதன்பிறகு அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், விளைச்சலில் பங்கு என்ற பெயரில் கடனில் மூழ்கிய குத்தகைக்காரர்களாக. 1940-இல் எட்வர்ட் பெம்ப்ரோக் என்ற கறுப்பின ஊழியர், பெட்டி தூக்கும் வேலையில் இருந்தவர், வாத்துகளை நீரூற்றுக்குக் கொண்டுவரும் பொறுப்பைத் தாமே கேட்டு ஏற்றார். முன்பு சர்க்கஸில் விலங்குகளைப் பழக்கியவர் என்பதால், தூக்கி வந்து விடுவதற்குப் பதிலாக வரிசையாக நடந்து வரப் பழக்கினார். நாம் இன்று பார்க்கும் சடங்கை உருவாக்கியவர் அவரே. 1991-இல் ஓய்வு பெறும்வரை, ஐம்பது வருடம், அவர்தான் டக்மாஸ்டர். அவர் அந்தப் பணியைத் தொடங்கிய காலத்தில் அமெரிக்கத் தெற்கின் இத்தகைய ஹோட்டல்களில் கறுப்பினத்தவர் பெட்டி தூக்கலாம், சமைக்கலாம், வாத்தும் மேய்க்கலாம். அறை எடுத்துத் தங்க முடியாது. இதைச் சொல்லி அமெரிக்கர்களை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகவே 1924-இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்த நாடு நம்முடையது. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சிறை போனதும் அதற்காகத்தான்.

இசை விரும்பிகளுக்கு இரண்டு வரி. கூரை மீதிருந்த நடன அரங்கிலிருந்து முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகள் நாடு முழுக்க வானொலியில் ஒலித்தன. இந்த ஹோட்டலுக்குள் இயங்கிய வானொலி நிலையத்தில் ஒலிப்பொறியாளராக இருந்த சாம் ஃபிலிப்ஸ்தான் பின்னாளில் எல்விஸ் பிரெஸ்லியின் குரலை முதலில் பதிவு செய்து வெளியிட்டவர். எல்விஸ் 1953-இல் பள்ளி முடிக்கும்போது நடந்த நடன விருந்தும் இங்கேதான். அவருக்கு உடை தைத்துக் கொடுத்த லான்ஸ்கி சகோதரர்களின் கடை இன்று கூடத்தின் ஓரத்தில் இருக்கிறது. சட்டை விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். துணி நல்ல நீள இழைப் பஞ்சு என்பதை மட்டும் தொட்டு உறுதி செய்துகொண்டேன்.

இவ்வளவு பெருமையோடு இருந்த ஹோட்டல் ஏன் சரிந்தது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் அதே ஊரில் பிறந்தவை. 1952-இல் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் மெம்ஃபிஸின் சம்மர் அவென்யூவில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். காரை அறை வாசலிலேயே நிறுத்தலாம், குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. நெடுஞ்சாலைகள் விரிய விரிய, நகர் நடுவில் போய்த் தங்க வேண்டிய தேவையே பயணிகளுக்கு இல்லாமல் போயிற்று. பைபாஸ் வந்த பிறகு நம் ஊர்ச் சந்தைக் கடைகளுக்கு என்ன ஆயிற்றோ அதுவே அங்கும் ஆயிற்று.

இரண்டாவது காரணம் 1968. அந்த பிப்ரவரி முதல் தேதி, குப்பை லாரியின் அழுத்தும் எந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆயிரத்து முந்நூறு பேர், ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த நகர் மையத் தெருக்களில்தான் நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் மோட்டலின் 306-ஆம் அறை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பீபாடியிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ ஒரு மைல். அதன்பிறகு நகர் மையத்தைவிட்டுக் கடைகளும் மக்களும் வெளியேறினார்கள். கைமாறிக் கைமாறி, சில காலம் ஷெரட்டன் என்ற பெயரையும் தாங்கி நின்ற பீபாடி 1975-இல் மூடப்பட்டது.

அதே 1975-இல், உள்ளூர்த் தொழில் குடும்பமான பெல்ஸ் குடும்பம் அதை வாங்கியது. கொடுத்த விலை நான்கு லட்சம் டாலர். ஐம்பது வருடம் முன்பு கட்டுவதற்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதைப் பார்த்தால் அன்றைய நகர் மையத்தின் நிலை விளங்கும். ஆறு வருடம், சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவு செய்து, 1981-இல் மறுபடி திறந்தார்கள். வாத்துகள் திரும்பி வந்தன, பெம்ப்ரோக்கும் திரும்பி வந்தார். இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடம் கட்டியிருந்தால் லாபம் இன்னும் விரைவாக வந்திருக்கும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அப்படித்தான் நடந்தது. நம் எல்லைப்புறத்திலேயே, பழைய பங்களா ஒன்றைப் பாரம்பரிய விடுதி என்று நடத்தும் இடத்தில், இது எந்த வருடம் கட்டியது என்று கேட்டேன். “நூறு வருஷம் இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த மரவேலைப்பாட்டை மறைத்துப் பெரிய டிவியை மாட்டியிருந்தார்கள். பாரம்பரியத்தை விற்பவர் அதைப் படித்திருக்கவும் வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தங்கிய அனுபவம் பற்றி. எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு மகன் ஓர் இரவு அறை எடுத்துக் கொடுத்தான். அறை வசதியாக, அமைதியாக இருந்தது, படுக்கை நன்று, குளியலறையில் வாத்து வடிவத்தில் சோப்பு வைத்திருந்தார்கள், மனைவி அதை நனைக்காமல் எடுத்து வந்து இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் நல்ல ஹோட்டல் எதுவும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இந்த ஹோட்டலின் சிறப்பு முழுவதும் அறைக்கு வெளியே, கூடத்திலும் உப்பரிகையிலும் மொட்டைமாடியிலும் இருக்கிறது. அவற்றைப் பார்க்க அனுமதிக் கட்டணம் கிடையாது. ஆகவே சிக்கனமாக இருக்க விரும்புகிறவர்கள் அறை எடுக்கத் தேவையில்லை. கூடத்தில் ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். அந்தக் காப்பிக்கு நாம் நம் ஊரில் ஒரு குடும்பமே டிபன் சாப்பிடும் காசு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொண்டால் காப்பி கசக்காது. சாப்பாட்டு விஷயத்தில் சைவர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ரொட்டி, சாலட், உருளைக்கிழங்கு என்று சமாளிக்கலாம். ஒன்று மட்டும் உறுதி: இந்த ஹோட்டலின் உணவகங்கள் எதிலும் வாத்துக்கறி பரிமாறுவதில்லை. பிரெஞ்சுச் சமையல் செய்யும் உணவகம் உட்பட. வாத்து இல்லாமல் பிரெஞ்சுக்காரர் பட்டியல் போடுவது நம் பாலக்காட்டுச் சமையல்காரர் தேங்காய் இல்லாமல் ‘சத்ய’ விருந்து வைப்பது போல என்று மகன் சொன்னான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

போகிறவர்கள் வார நாளில் போக வேண்டும். சனி, ஞாயிறுகளில் கட்டணமும் கூடுகிறது, கூட்டமும் கூடுகிறது. குழந்தைகளோடு போனால் பத்தேகாலுக்கே கூடத்தில் இடம் பிடித்து அவர்களைக் கம்பளத்தருகில் உட்கார வையுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் உப்பரிகையில் நின்று பார்ப்பதே நல்லது, வரிசை முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும், தள்ளுமுள்ளும் இல்லை. பதினொன்று நடை முடிந்ததும் ஃப்ரண்ட் தெருவுக்கு நடந்து பஞ்சு அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மதியத்துக்குமேல் லொரெய்ன் மோட்டலுக்குப் போங்கள். 1991 முதல் அது குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகமாக இருக்கிறது, 306-ஆம் அறையை அன்றிருந்தபடியே வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். முடித்துவிட்டு ஐந்து மணிக்குள் பீபாடிக்குத் திரும்பினால், வாத்துகள் நீரூற்றைவிட்டு இறங்கி லிஃப்டில் ஏறுவதைப் பார்க்கலாம். அவை போன பிறகு நீங்களும் மொட்டைமாடிக்குப் போகலாம். அங்கே அவற்றுக்குச் சுமார் இரண்டு லட்சம் டாலர் செலவில் பளிங்கில் ஒரு கூடு கட்டி வைத்திருக்கிறார்கள். மேற்கே மிசிசிப்பியும், அதற்கு அப்பால் தட்டையாக ஆர்கன்சாவும் தெரியும்.

ஊருக்குத் திரும்பிய மறுவாரம், மூலத்தறைப் பக்கத்து வயலில் இறங்கியிருந்த வாத்துக்காரரிடம் கைபேசியில் படத்தைக் காட்டினேன். பளிங்குக் கூட்டையோ கம்பளத்தையோ அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த அஞ்சும் சாகிறவரை அங்கேயேதான் கிடக்குமா என்று கேட்டார். இல்லை, மூன்று மாதம் வேலை பார்த்ததும் வளர்த்த பண்ணைக்கே திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஐந்தைக் கொண்டுவருகிறார்கள் என்றேன். “அது சரி, தண்ணியும் தரையும் மாறிட்டே இருக்கோணும்” என்று சொல்லிவிட்டு, வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போகப் பார்த்த கூட்டத்தைக் கம்பால் வளைக்கப் போய்விட்டார்.